சுசுமு ஓனோ

சுசுமு ஓனோ (பெப்ரவரி 1, 1928 – ஜனவரி 13, 2000) இருபதாம் நூற்றாண்டின் குறிப்பிடத்தக்க மரபியலாளர்களுள் ஒருவர். ஜப்பானியரான இவர் அமெரிக்காவில் குடியேறி, கலிபோர்னியா மாநிலத்தின் டுவார்ட்டே நகரில் உள்ள சிட்டி ஆஃப் ஹோப் மருத்துவ ஆய்வு மையத்தில் தம் பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தார். ஒரு விலங்கு ஆணாகவோ பெண்ணாகவோ உருவாவதற்குக் காரணமான பால் நிறப்புரிகள் எவ்வாறு தோன்றின என்னும் கேள்விக்கு, பாம்புகளை ஆராய்ந்து இவர் தந்த விடை பாடநூல்களில் நெடுங்காலம் இடம்பெற்றிருந்தது. புதிய மரபணுக்கள் தோன்றுவதற்கு மரபணு இரட்டிப்பே முதன்மையான வழி என்னும் கருத்தை 1970 இல் விரிவாக முன்வைத்தவரும் இவரே ஆவார்.

பாம்புகளைப் பற்றி ஓனோ கூறியவற்றுள் சில, இவர் மறைவுக்குப் பின் வந்த ஆய்வுகளால் திருத்தப்பட்டுள்ளன. எனினும், பால் நிறப்புரிகள் ஒரு காலத்தில் சாதாரண நிறப்புரி இணையாகவே இருந்தன என்னும் இவருடைய அடிப்படைக் கருத்து இன்றும் ஏற்கப்படுகிறது.

பிறப்பும் கல்வியும்

ஓனோ, கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்த காலத்தில், சியோல் நகரில் ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்தார். இவருடைய தந்தை அங்கிருந்த ஜப்பானிய நிருவாகத்தில் கல்வித்துறைப் பொறுப்பு வகித்தவர். 1945 இல் இரண்டாம் உலகப் போர் முடிந்து கொரியாவில் ஜப்பானிய ஆட்சி அகன்றபின், குடும்பத்தினர் ஜப்பானுக்குத் திரும்பினர்.

சிறு வயது முதலே ஓனோவுக்குக் குதிரைகள் மீது மிகுந்த ஈடுபாடு இருந்தது. அறிவியலில் நாட்டம் ஏற்பட்டதற்கும் குதிரைகளே காரணம் என்று இவர் பின்னாளில் கூறியுள்ளார். டோக்கியோ வேளாண்மை மற்றும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவம் பயின்று 1949 இல் பட்டம் பெற்றார். பின்னர் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்திலும் முனைவர் பட்டம் பெற்றார். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்கா சென்று, லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சிறிது காலம் இருந்தபின், சிட்டி ஆஃப் ஹோப் மையத்தில் சேர்ந்தார். இசைக்கலைஞரான மிடோரி இவருடைய மனைவி ஆவார்.

பார் உடலம் பற்றிய ஆய்வு

குரோமோசோம் என்றும் அழைக்கப்படும் நிறப்புரிகள், உயிரணுவின் கருவுக்குள் மரபணுக்களைத் தாங்கி நிற்கும் இழைகளாகும். இவற்றுள் ஓர் இணை பாலுடன் தொடர்புடையது என்பதை 1905 இல் அமெரிக்க ஆய்வாளர்களான நெட்டி ஸ்டீவன்ஸ், எட்மண்ட் வில்சன் ஆகிய இருவரும் தனித்தனியே பூச்சிகளில் கண்டறிந்தனர். மனிதன் உள்ளிட்ட பாலூட்டிகளில் பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் நிறப்புரிகளும், ஆணுக்கு ஓர் எக்ஸும் ஓர் ஒய்யும் உள்ளன.

1949 இல் கனடாவைச் சேர்ந்த முர்ரே பார், எவார்ட் பெர்ட்ராம் ஆகியோர் பெண் பூனையின் நரம்பு உயிரணுக்களில் ஒரு சிறு கரும்புள்ளியைக் கண்டனர். ஆண் பூனையின் உயிரணுக்களில் அது காணப்படவில்லை. பார் உடலம் எனப் பெயர் பெற்ற இப்புள்ளியைக் கொண்டு, விலங்கைப் பாராமலேயே அதன் உயிரணுவிலிருந்து பாலைக் கூற முடிந்தது. ஆனால் அப்புள்ளி எதனால் ஆனது என்பதில் தெளிவு இல்லை. இரண்டு எக்ஸ் நிறப்புரிகளின் பகுதிகள் ஒன்றுசேர்ந்து அது உண்டாகிறது என்று பலர் கருதினர்.

ஓனோ, சிட்டி ஆஃப் ஹோப்பில் தம்முடன் பணியாற்றிய கப்லான், கினோசிட்டா ஆகியோருடன் இணைந்து எலியின் கல்லீரல் உயிரணுக்களை ஆராய்ந்தார். பார் உடலம் இரண்டு எக்ஸ் நிறப்புரிகளால் ஆனதன்று. இறுகச் சுருண்ட ஒரே ஓர் எக்ஸ் நிறப்புரியே அது என்று 1959 இல் வெளியிட்டார். பெண் பாலூட்டியின் ஒவ்வோர் உயிரணுவிலும் இரண்டு எக்ஸ்களுள் ஒன்று செயலற்றுப் போகிறது என்னும் கோட்பாட்டை இங்கிலாந்தைச் சேர்ந்த மேரி லயன் 1961 இல் வெளியிட்டபோது, ஓனோவின் இந்த முடிவு அதற்கு முக்கியமான சான்றாக அமைந்தது.

1962 இல் குதிரை, கழுதை, கோவேறு கழுதை ஆகியவற்றின் நிறப்புரிகளை எண்ணி வெளியிட்ட குழுவிலும் ஓனோ இருந்தார். குதிரைக்கு 64, கழுதைக்கு 62, இவ்விரண்டின் கலப்பில் பிறக்கும் கோவேறு கழுதைக்கு 63 என அக்குழு கண்டறிந்தது. இவருக்குப் பிடித்தமான விலங்கும் இவருடைய ஆய்வும் ஒன்றுசேர்ந்த இடம் இது எனலாம்.

பாம்பின் பாலை அறிவதில் உள்ள சிக்கல்

கோழி, மயில், மாடு போன்றவற்றில் ஆண் எது, பெண் எது என்பதைப் பார்த்தவுடன் கூறிவிடலாம். பாம்புகளில் இது எளிதன்று. ஆண் பாம்பின் இரண்டு புணர்ச்சி உறுப்புகளும் வாலின் அடிப்பகுதிக்குள், உட்புறமாக மடிந்து கிடக்கின்றன. புணர்ச்சியின்போது அவற்றுள் ஒன்று மட்டும் வெளிவருகிறது. மற்ற நேரங்களில் ஆணும் பெண்ணும் ஒன்றுபோலவே தோன்றும். ஆணின் வால் சற்று நீளமாகவும், அடிப்பகுதி தடித்தும் இருப்பது பொதுவான வேறுபாடு. எனினும் இது எல்லா இனங்களிலும் தெளிவாக இருப்பதில்லை. குட்டிகளில் கண்டறிவது இன்னும் கடினம்.

உயிரியல் பூங்காக்களிலும் பாம்பு வளர்ப்போரிடத்திலும் மழுங்கிய மெல்லிய கம்பி ஒன்றைப் பாம்பின் கழிவாய் வழியாக வாலை நோக்கிச் செலுத்திப் பார்க்கும் முறை வழக்கில் உள்ளது. உறுப்புகள் மடிந்து கிடக்கும் குழி ஆணில் ஆழமாக இருப்பதால் கம்பி அதிக தூரம் செல்லும். பெண்ணில் அது சில செதில்களின் நீளத்திலேயே நின்றுவிடும். பயிற்சி இல்லாதவர் செய்தால் பாம்புக்குக் காயம் ஏற்படக்கூடும். அத்துடன், பாம்பு தசையை இறுக்கிக்கொண்டால் ஆணைப் பெண் எனத் தவறாகக் கொள்ளவும் வாய்ப்புண்டு.

நடத்தையைக் கொண்டு முடிவு செய்வதும் ஏமாற்றம் தரலாம். சாரைப்பாம்புகள் இரண்டு ஒன்றையொன்று பின்னிக்கொண்டு தலை தூக்கி ஆடுவதைக் காண்போர், அதை ஆணும் பெண்ணும் கூடுவதாகக் கருதுவர். உண்மையில் அது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகளுக்கு இடையிலான வலிமைப் போட்டியாகும். சாரை ஆண் என்றும் நல்லபாம்பு பெண் என்றும் தமிழ்நாட்டில் வழங்கிவரும் நம்பிக்கையும் தவறானது. இவை வெவ்வேறு இனங்கள். ஒவ்வொன்றிலும் ஆணும் பெண்ணும் உண்டு.

வெளித்தோற்றம் விடை தராத நிலையில், உயிரணுவுக்குள் விடை இருக்குமா என்பது இயல்பாக எழும் கேள்வி. ஓனோவும் இவருடைய கூட்டாளிகளும் பாம்பின் நிறப்புரிகளை ஆராய்ந்தபோது இக்கேள்விக்கு ஒரு விடை கிடைத்தது.

பாம்புகளின் நிறப்புரிகள் (1964)

பிரேசில் நாட்டின் சாவோ பாவுலோ நகரில் உள்ள புட்டன்டான் நிறுவனம், பாம்புக்கடிக்கு நச்சுமுறி மருந்து தயாரிப்பதில் உலகப் புகழ் பெற்றது. அம்மருந்துக்காக நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் பாம்புகள் அங்கு அனுப்பப்பட்டு வந்தன. எனவே நிறப்புரி ஆய்வுக்கு வேண்டிய பாம்பினங்களுக்கு அங்கு குறைவில்லை. அந்நிறுவனத்தைச் சேர்ந்த வில்லி பெசாக், மரியா லூயிசா பெசாக் ஆகியோருடனும் நசரேத் என்பவருடனும் இணைந்து ஓனோ எழுதிய கட்டுரை 1964 இல் வெளிவந்தது.

ஆராயப்பட்ட பாம்புகளில் 36 நிறப்புரிகள் காணப்பட்டன. அவற்றுள் 16 பெரியவை. 20 மிகச் சிறிய நுண்நிறப்புரிகள். பறவைகளிலும் இவ்வாறே பெரியனவும் நுண்ணியனவும் கலந்து இருப்பதால், பாம்புகளும் பறவைகளும் நிறப்புரி அமைப்பில் நெருங்கியவை என அவர்கள் கருதினர். பறவைகளில் பெண்ணே வெவ்வேறான இரண்டு பால் நிறப்புரிகளைக் கொண்டது. இவை இசட், டபிள்யூ எனப்படுகின்றன. ஆணுக்கு இரண்டு இசட்கள் உள்ளன. ஆகவே குஞ்சின் பாலை முடிவு செய்வது தந்தையின் விந்தணு அன்று, தாயின் முட்டையே. பாம்புகளிலும் இதே அமைப்பு இருப்பதாக அக்குழு கண்டது.

நான்காவது பெரிய இணையே பால் நிறப்புரிகள் எனத் தெரிந்தது. ஆனால் அந்த இணை மூன்று குடும்பங்களில் மூன்று விதமாகக் காணப்பட்டது:

* போவா என்னும் நஞ்சற்ற பெரும் பாம்பில், ஆணிலும் பெண்ணிலும் இந்த இணையின் இரண்டு நிறப்புரிகளும் ஒன்றுபோலவே இருந்தன.
* சாரைப்பாம்பு அடங்கிய கொலுப்ரிடே வகையைச் சேர்ந்த ஒரு பிரேசிலியப் பாம்பில், பெண்ணின் இரு நிறப்புரிகளும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தாலும் அவற்றின் வடிவம் வேறுபட்டது.
* ஜராராக்கா என்னும் நச்சு விரியனில், பெண்ணின் டபிள்யூ நிறப்புரி இசட்டைவிட மிகச் சிறிதாகக் குறைந்திருந்தது.

இதன்படி, விரியனின் பாலை உயிரணுவைக் கொண்டே கூறிவிடலாம். போவாவின் பாலைக் கூற முடியாது. நுண்ணோக்கியில் போவாவின் ஆணும் பெண்ணும் ஒன்றே.

பால் நிறப்புரிகளின் தோற்றம் பற்றிய கருத்து

இந்த மூன்று நிலைகளும் ஒரே பாதையின் மூன்று படிகள் என்று ஓனோ விளக்கினார். 1967 இல் வெளியான, பால் நிறப்புரிகளையும் அவற்றைச் சார்ந்த மரபணுக்களையும் பற்றிய இவருடைய நூலில் இக்கருத்து முழு வடிவம் பெற்றது. ஒய் நிறப்புரி ஒரு காலத்தில் எக்ஸுக்கு நிகரான இணையாக இருந்து பின்னர் சிதைந்தது என்னும் கருத்தை ஹெர்மன் முல்லர் முன்பே வெளியிட்டிருந்தார். ஆனால் அதன் இடைப்பட்ட நிலைகளை உயிருள்ள விலங்குகளில் வரிசையாகக் காட்டியது ஓனோவின் சிறப்பாகும்.

இவருடைய விளக்கத்தைப் பின்வருமாறு சுருக்கலாம். தொடக்கத்தில் பால் நிறப்புரிகளும் மற்றவற்றைப் போன்ற ஒரு சாதாரண இணையே. இணைகள் பொதுவாகத் தமக்குள் துண்டுகளைப் பரிமாறிக்கொள்கின்றன. ஒன்றில் பாலை முடிவு செய்யும் மரபணு தோன்றியபின், அதன் ஒரு பகுதி தலைகீழாகத் திரும்பிவிட்டால் அவ்விடத்தில் பரிமாற்றம் நின்றுவிடும். பரிமாற்றம் நின்ற நிறப்புரியில் பழுதுகள் சேரும். அவற்றைக் களைய வழியில்லாமல் மரபணுக்கள் ஒவ்வொன்றாக இழக்கப்படும். இறுதியில் அது சிறுத்துப் போகும். போவா முதற்படியில் நிற்கிறது. கொலுப்ரிடே வகை நடுவில் உள்ளது. விரியன் இறுதிப் படியை எட்டிவிட்டது. பாலூட்டிகளின் சிறிய ஒய் நிறப்புரியும் இவ்வாறு குறைந்ததே என ஓனோ கூறினார்.

அதே நூலில் பாலூட்டிகளைப் பற்றிய இன்னொரு பொதுவிதியும் இடம்பெற்றது. ஒரு பாலூட்டி இனத்தில் எக்ஸ் நிறப்புரியில் உள்ள மரபணு மற்ற இனங்களிலும் எக்ஸிலேயே இருக்கும் என்பது அது. இரத்தம் உறையாமை நோய் மனிதனிலும் நாயிலும் எக்ஸ் வழியாகவே வருவது இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பல பாலூட்டிகளில் எக்ஸ் நிறப்புரி, மரபணுத்தொகையில் ஏறத்தாழ 5 விழுக்காடாகவே இருப்பதையும் ஓனோ சுட்டிக்காட்டினார். இது ஓனோவின் விதி எனப்படுகிறது. பை கொண்ட பாலூட்டிகளிலும் பிளாட்டிபஸ் போன்ற முட்டையிடும் பாலூட்டிகளிலும் இதற்கு விலக்குகள் உண்டு. மனிதன், எலி, நாய், மாடு முதலிய பெரும்பான்மைப் பாலூட்டிகளில் இவ்விதி பொருந்துகிறது.

ஆண் பாலூட்டிக்கு ஓர் எக்ஸ் மட்டுமே உள்ள நிலையில், அதன் மரபணுக்கள் இரு மடங்கு வேலை செய்து குறையை ஈடுசெய்ய வேண்டும் என்றும் ஓனோ கருதினார். இது எந்த அளவுக்குச் சரி என்பது பின்னாளில் நீண்ட விவாதத்துக்கு உள்ளானது.

இந்தியாவில் நடந்த ஆய்வுகள்

ஓனோவின் விளக்கம் வெளியான சில ஆண்டுகளுக்குள் இந்தியாவில் அது சோதிக்கப்பட்டது. வாரணாசியில் உள்ள பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் ரே-சௌதுரியும் அவருடைய மாணவர் லால்ஜி சிங்கும் (1947–2017) இந்தியப் பாம்புகள் பலவற்றின் நிறப்புரிகளை ஆராய்ந்தனர். பெண் பாம்புகளின் உயிரணுக்களில் டபிள்யூ நிறப்புரி இறுகச் சுருண்டு ஒரு புள்ளியாகத் தெரிவதை அவர்கள் 1970, 1971 ஆம் ஆண்டுகளில் விளக்கினர். பெண் பூனையில் பார் உடலத்தைக் கொண்டு பாலை அறிவது போலவே, இப்புள்ளியைக் கொண்டு பாம்பின் பாலை அறிய முடிந்தது. ஆனால் இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பூனையில் சுருள்வது, ஆணுக்கும் உள்ள எக்ஸ். பாம்பில் சுருள்வது, பெண்ணுக்கு மட்டுமே உரிய டபிள்யூ.

வடிவத்தில் இசட்டைப் போலவே தோன்றும் டபிள்யூ கொண்ட இனங்களிலும் அது மற்ற நிறப்புரிகளைவிடத் தாமதமாகத் தன்னைப் படியெடுப்பதை அவர்கள் கண்டனர். இதிலிருந்து, ஒரு துண்டு தலைகீழாகத் திரும்புவது முதல் நிகழ்வன்று, டபிள்யூவில் ஒரே எழுத்துக்கோவை மீண்டும் மீண்டும் வரும் டி.என்.ஏ சேர்ந்து அது சுருள்வதே முதல் நிகழ்வு என்று லால்ஜி சிங் வாதிட்டார். அவ்வாறு மீண்டும் வரும் டி.என்.ஏ ஒன்றை, மஞ்சளும் கருப்புமாகப் பட்டைகள் கொண்ட கட்டுவிரியன் இனத்திலிருந்து அவர் எடின்பரோவில் பணியாற்றியபோது பிரித்தெடுத்தார். ஐதராபாத்தில் உள்ள உயிரணு மற்றும் மூலக்கூற்று உயிரியல் மையத்தில் அவர் உருவாக்கிய டி.என்.ஏ அடையாள முறைக்கு அதுவே கருவியாயிற்று. பெற்றோர் யார் என்பதை உறுதி செய்யவும் குற்றவழக்குகளிலும் அம்முறை இந்தியாவில் பயன்பட்டது. பெண் பாம்பின் டபிள்யூ நிறப்புரியைப் பற்றிய ஒரு விவாதம் நீதிமன்றம் வரை சென்று பயன் தந்தது குறிப்பிடத்தக்கது.

மரபணு இரட்டிப்பு

1970 இல் வெளிவந்த, மரபணு இரட்டிப்பின் வழியாகப் பரிணாம வளர்ச்சி நிகழ்வதை விளக்கும் நூலே ஓனோவின் படைப்புகளில் மிகவும் அறியப்பட்டது. ஒரு மரபணு அவசியமான வேலையைச் செய்துகொண்டிருக்கும் வரை அது பெரிதும் மாற இயலாது. மாறினால் உயிரி பிழைக்காது. ஆனால் அம்மரபணு தற்செயலாக இரண்டாகிவிட்டால், ஒன்று பழைய வேலையைத் தொடர, மற்றொன்று மாற்றங்களை ஏற்றுப் புதிய வேலையைப் பெற முடியும் என்பது இவருடைய வாதம்.

தனி மரபணுக்கள் மட்டுமன்றி, முழு மரபணுத்தொகையும் முதுகெலும்பிகளின் முன்னோர்களில் இரட்டித்திருக்க வேண்டும் என்றும் இவர் கருதினார். சில மீன்களிலும் தவளைகளிலும் நிறப்புரிகள் இரு மடங்காக இருப்பது இதற்குச் சான்றாகக் காட்டப்பட்டது. 1966 இல் அத்தகைய தென் அமெரிக்கத் தவளை ஒன்றைப் பற்றி எழுதியவர்கள், பாம்பு ஆய்வில் ஓனோவுடன் இணைந்திருந்த அதே பெசாக் குழுவினரே.

மரபணுத்தொகைகளை முழுமையாகப் படிக்கும் வசதி வந்தபின் இக்கருத்து வலுப்பெற்றது. ஈஸ்ட்டின் முன்னோரில் முழு இரட்டிப்பு நிகழ்ந்ததற்கான சான்றை 1997 இல் கென் வுல்ஃப், டெனிஸ் ஷீல்ட்ஸ் ஆகியோர் வெளியிட்டனர். முழு இரட்டிப்பில் பிறந்த மரபணு இணைகளுக்கு ஓனோவின் நினைவாக ஓனோலாக் என்னும் பெயரை 2000 ஆம் ஆண்டில் வுல்ஃப் முன்மொழிந்தார். முதுகெலும்பிகளின் தொடக்க காலத்தில் இத்தகைய இரட்டிப்புகள் நிகழ்ந்தன என்பது 2000களில் வந்த ஆய்வுகளால் பெரும்பாலும் ஏற்கப்பட்டது.

பயனற்ற டி.என்.ஏ

1972 இல் எழுதிய கட்டுரை ஒன்றில், மனித மரபணுத்தொகையின் பெரும்பகுதி பயனற்றது என ஓனோ கூறினார். ஒவ்வொரு தலைமுறையிலும் மரபணுக்களில் பழுதுகள் ஏற்படுகின்றன. மரபணுக்களின் எண்ணிக்கை மிக அதிகமாக இருந்தால், அப்பழுதுகளின் சுமையை மனித இனம் தாங்கியிருக்காது. எனவே மனிதனின் மரபணுக்கள் சுமார் 30,000 அளவிலேயே இருக்க வேண்டும் என்பது அதில் இடம்பெற்ற கணக்கு. மனிதனில் புரதம் உண்டாக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000 என்பது பின்னர் தெரிய வந்தது. மீதமுள்ள டி.என்.ஏவில் எவ்வளவு பயனுள்ளது என்னும் விவாதம் இன்னும் முடியவில்லை.

பாலை முடிவு செய்யும் மரபணுவைத் தேடி

1970களில் ஓனோவின் கவனம் மீண்டும் பால் நிர்ணயத்தின் பக்கம் திரும்பியது. பெண் எலிகள், தம் இனத்து ஆண் எலியின் தோலை ஒட்டினால் ஏற்பதில்லை. ஆண்களுக்கு மட்டுமே உரிய எச்-ஒய் என்னும் ஒரு பொருள் இதற்குக் காரணம் எனத் தெரிந்திருந்தது. கருவில் விந்தகம் உருவாக ஆணையிடுவது இப்பொருளே என்று ஓனோவும் நியூயார்க்கைச் சேர்ந்த சில ஆய்வாளர்களும் 1975 இல் முன்மொழிந்தனர். 1979 இல் வெளியான ஓனோவின் நூலும் இக்கருத்தை முதன்மையாகக் கொண்டது.

இது நிலைக்கவில்லை. எச்-ஒய் இல்லாத எலிகளுக்கும் விந்தகம் இருப்பதை ஆன் மெக்லாரன் உள்ளிட்டோர் 1984 இல் காட்டினர். பாலூட்டிகளில் ஆண்மையைத் தொடங்கிவைக்கும் எஸ்.ஆர்.ஒய் என்னும் மரபணு 1990 இல் ஒய் நிறப்புரியில் கண்டுபிடிக்கப்பட்டது. அது எச்-ஒய்யிலிருந்து வேறானது. பாலைத் தனியொரு முதன்மை மரபணு தொடங்கிவைக்கிறது என ஓனோ எதிர்பார்த்தது சரியாக இருந்தது. இவர் சுட்டிய மரபணுவே தவறாயிற்று.

இசையும் மரபணுவும்

மரபணுக்களில் சிறு எழுத்துக்கோவைகள் மீண்டும் மீண்டும் வருவதையும், இசையில் சுரக்கோவைகள் மீண்டும் வருவதையும் ஓனோ ஒப்பிட்டார். டி.என்.ஏவின் நான்கு எழுத்துகளுக்கும் சுரங்களை ஒதுக்கி, மரபணுக்களை இசைக் குறிப்புகளாக மாற்றினார். இம்முயற்சியில் இவருடைய மனைவி மிடோரியும் பங்கு கொண்டார். இருவர் பெயரிலும் 1986 இல் ஒரு கட்டுரை வெளியானது.

மதிப்புகளும் மறைவும்

1981 இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் உறுப்பினராக ஓனோ தேர்ந்தெடுக்கப்பட்டார். ஜனவரி 13, 2000 அன்று தம் 71 ஆம் அகவையில் காலமானார்.

பாம்புகள் பற்றிய கருத்துக்கு ஏற்பட்ட திருத்தங்கள்

ஓனோவின் மறைவுக்குப் பின் பாம்புகள் பற்றிய இவருடைய முடிவுகள் புதிய கருவிகளால் மீண்டும் சோதிக்கப்பட்டன.

2006 இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பாம்பின் இசட் நிறப்புரியில் உள்ள மரபணுக்களைக் கோழியின் மரபணுக்களோடு ஒப்பிட்டனர். பாம்பின் இசட்டில் உள்ளவை கோழியின் இசட்டில் இல்லை. அவை கோழியின் வேறு சாதாரண நிறப்புரிகளில் இருந்தன. ஆகவே பறவைகளும் பாம்புகளும் ஒரே பழைய பால் நிறப்புரியைப் பகிரவில்லை. இரண்டும் தனித்தனியே ஒரே வகை அமைப்பை அடைந்துள்ளன. இவ்விரண்டு குழுக்களின் நெருக்கம் பற்றிய 1964 ஆம் ஆண்டுக் கருத்து இதனால் திருத்தப்பட்டது. அதே வேளையில், ஒரு குழுவில் சாதாரணமான நிறப்புரி இன்னொரு குழுவில் பால் நிறப்புரியாக முடியும் என்னும் ஓனோவின் அடிப்படைக் கருத்துக்கு இதுவே சான்றாகவும் ஆயிற்று.

2013 இல் போவா, கார்ட்டர் பாம்பு, குட்டைக் கிலுகிலுப்பை விரியன் ஆகியவற்றின் மரபணுத்தொகைகள் ஒப்பிடப்பட்டன. பின்னிரண்டிலும் டபிள்யூ தன் மரபணுக்களைப் பெரிதும் இழந்திருந்தது. போவாவில் அத்தகைய இழப்பு தென்படவில்லை. எனவே போவா முதற்படியில் உள்ளது என்னும் விளக்கம் அப்போது உறுதிப்பட்டதாகவே தோன்றியது.

ஆனால் வேறு இரண்டு குறிப்புகள் பொருந்தாமல் இருந்தன. முதலாவது, ஆண் துணையின்றி நிகழும் கன்னிப்பிறப்பு. சாரை, விரியன் போன்றவற்றின் குழுவில் அவ்வாறு பிறக்கும் குட்டிகள் ஆண்களாகவே இருந்தன. ஆனால் 2010 இல் அறிவிக்கப்பட்ட ஒரு போவாவுக்குப் பிறந்தவை அனைத்தும் பெண்களே. இதை விளக்க, இரண்டு டபிள்யூ கொண்ட, இசட்டே இல்லாத பெண்கள் அவை எனக் கொள்ள வேண்டியிருந்தது. இரண்டாவது, வீடுகளில் வளர்க்கப்படும் பந்து மலைப்பாம்பு. அதில் மஞ்சள் நிறம் தரும் ஒரு மரபணு, தந்தையிடமிருந்து பெரும்பாலும் மகன்களுக்கு மட்டுமோ மகள்களுக்கு மட்டுமோ செல்வதை வளர்ப்போர் கவனித்திருந்தனர். இரண்டு ஒரே மாதிரியான இசட் கொண்ட தந்தையிடம் அது நிகழ இயலாது. வெவ்வேறான இரண்டு பால் நிறப்புரிகள் கொண்டவர் தந்தையே என்பதை அது சுட்டியது.

2017 இல் டோனி கேம்பிள் உள்ளிட்ட ஆய்வாளர்கள் போவாவிலும் பர்மிய மலைப்பாம்பிலும், ஆண்களில் மட்டுமே காணப்படும் டி.என்.ஏ பகுதிகளைக் கண்டறிந்தனர். இவ்விரு பாம்புகளும் மனிதனைப் போல எக்ஸ்-ஒய் அமைப்பு உடையவை என்றும், இரண்டும் அதைத் தனித்தனியே பெற்றவை என்றும் தெரிய வந்தது. கன்னிப்பிறப்பில் வந்த போவாக் குட்டிகள், இரண்டு எக்ஸ் கொண்ட தாயின் இரண்டு எக்ஸ் கொண்ட மகள்களே.

ஆகவே போவா, விரியன் சென்ற பாதையின் தொடக்கத்தில் நிற்கும் பாம்பு அன்று. அது வேறு பாதையில் செல்லும் பாம்பு. நுண்ணோக்கியில் ஒன்றுபோல் தெரிந்த இணையைப் பார்த்து, அதுவே இசட்டும் டபிள்யூவும் எனக் கொண்டதே பிழைக்குக் காரணம். 1964 ஆம் ஆண்டின் நுண்ணோக்கிகளால் இதைவிட ஆழமாகப் பார்க்க இயலவில்லை. வெளித்தோற்றத்தைக் கொண்டு பாம்பின் பாலைக் கூற இயலாதது போலவே, நிறப்புரியின் வெளித்தோற்றத்தைக் கொண்டும் சில பாம்புகளின் பாலைக் கூற இயலாது என்பதும் தெளிவாயிற்று.

மொத்தத்தில், பாலைத் தீர்மானிக்கும் நிறப்புரிகள் சாதாரண இணைகளிலிருந்து பலமுறை தோன்றியுள்ளன, பரிமாற்றம் நின்றபின் அவற்றுள் ஒன்று சிதைகிறது என்னும் ஓனோவின் கருத்து பாம்பு, பறவை, பாலூட்டி, மீன், தாவரம் எனப் பல உயிரினங்களில் உறுதி செய்யப்பட்டுள்ளது. அதைக் காட்ட இவர் வரிசைப்படுத்திய மூன்று பாம்புகளுள் முதலாவது மட்டும் அவ்வரிசையிலிருந்து விலகி, அதே கருத்துக்கு வேறொரு எடுத்துக்காட்டாகி நிற்கிறது.